மூன்றாம் சுற்றில் எடுத்த பெண்

லா சப்பல், பரிஸ்
மார்ச் 9

முழங்கால் தேயாமல் நீடூழி வாழவேண்டிய மருமகள் ஆலீஸுக்கு,

ரூ காய் தெருவின் கொத்துரொட்டிச் சக்கரவர்த்தியும், இரண்டு இரும்புத் தகடுகளின் தனி அதிபதியும், உன் தாயின் ஒரே தம்பியுமான ஞானரட்ணம் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். இடுப்பு மட்டும் குடியரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிறது. உன் சுகத்தையும் உன் வலது முழங்காலின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

நீ பதினாலு வயதில் விளையாட்டு விடுதிக்குப் போனபோது தமிழ் மறக்கக்கூடாது என்று தொடங்கிய இந்தக் கடிதப் போருக்கு ஆறு வயதாகிறது. இதுவரை வந்தவற்றில் உன் போன கடிதம்தான் மகா கடிதம். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கிலிருந்து உன்னைப் பார்க்க ஆள் வந்ததா! கடையில் உரத்து வாசித்தேன். நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். (நாலு பேர். அதில் ஒருவர் கழிப்பறை தேடி எழும்பினார்.)

முதலாளி தவரத்தினம் அண்ணை கேட்டார்: "உவள் இப்ப என்ன உயரமடா?"

"அண்ணை, போன மாதம் ஐபல் கோபுரம் அவளோட தோள் அளந்து பாத்திட்டு அழுதுகொண்டு போட்டுது."

எதிரணிக்காரி ஒருத்தி உன் உதட்டைக் கிழித்தாளாமே. பெயரை அனுப்பு. தகடு இரண்டோடும் வந்து, வெங்காயமும் முட்டையும் போட்டு அவளை ஆயிரம் துண்டாகக் கொத்தி, மேலே குழம்பும் ஊற்றிவிடுகிறேன்.

செவ்ரான் வீட்டில் உன் தாய் நலம். ஒரு கண் மட்டும் சற்றே நீலம். அலுமாரிக் கதவு அடித்ததாம். வெகு கோபக்காரக் கதவு.

உன் பிடரியில் ஒரு முத்தம் வைக்க ஏணி தேடிக்கொண்டிருக்கும்,
மாமா


கிளெர்மோன்
மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உதட்டில் நாலு தையல் போட்டார்கள். இடது சின்ன விரல் இடம் மாறியது, அதைத் திருப்பி இழுத்துவிட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை. உங்கள் இடுப்புக்குச் சுடுநீர்ப் பை வையுங்கோ.

எங்கள் வீட்டு அலுமாரிக்குக் கதவு இல்லை, மாமா. அப்பா அதை இரண்டு வருடத்துக்கு முன்பே உடைத்துவிட்டார்.

அமெரிக்காக்காரர் ஆள் எடுக்கும் முறையையும் எழுதுகிறேன். அதன் பெயர் டிராஃப்ட். வெளிநாட்டுப் பெண்ணுக்கு இந்த வருடம் இருபது வயது ஆனால் போதும், பெயர் தானாகவே பட்டியலுக்குள் போய்விடும். நான் கேட்கவும் வேண்டாம். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிகளுக்கிடையில் பந்து குலுக்கி, யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். பிறகு வரிசைப்படி ஒவ்வொரு அணியும் ஒவ்வொருத்தியை எடுக்கும். மூன்று சுற்று. எடுத்த அணியோடு மட்டும்தான் நான் பேசலாம். அவர்கள் விடும்வரை மற்ற அணிகள் என்னைக் கூப்பிடக்கூடாது.

எடுத்தவுடன் வேலை கிடைத்தது என்று இல்லை. ஏப்ரல் கடைசியில் முகாமுக்குப் போகவேண்டும். பதினெட்டுப் பேர் போவோம். பன்னிரண்டு பேர் மிஞ்சுவோம்.

அந்தப் பன்னிரண்டில் நான் வந்தால் அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று. உங்களிடமும் சொல்கிறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அதுவரை அவர் அம்மாவில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ. வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
ஆலீஸ்


லா சப்பல்
மார்ச் 31

விரல் இடம் மாறினாலும் மனம் இடம் மாறாத மருமகளுக்கு,

நலம். சுடுநீர்ப் பை வைத்தேன். அது வெடித்துக் கட்டில் நனைந்து, கீழ்வீட்டு அல்ஜீரியக் கிழவர் படகு தேடினார்.

உன் டிராஃப்டைக் கடையில் மேடை போடாத குறையாக விளக்கினேன். தவரத்தினம் அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையைக் கேக்காமல் பேரை எழுதுவினம். வரிசையில நிண்டு எடுப்பினம். எடுத்தவன் விடுமட்டும் மற்றவன் கதைக்கக்கூடாது. இது எங்கட கலியாணமெல்லோ?"

"இல்லை அண்ணை. அங்கை கேவலமாத் தோத்தவனுக்குத்தான் முதல் தெரிவு."

"அப்ப அசல் எங்கட கலியாணந்தான்!"

கடை சிரித்தது. தகடும் சிரித்தது. எனக்குத்தான் பழைய கடிதம் ஒன்று ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னர் இதே தெருவிலிருந்து ஊருக்கு எழுதினேன். "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டேன். பெயர் றொஜர். பரிசில் றெஸ்ரோறன்ட் நடத்துகிறார். குடி இல்லை. கோபம் என்ன நிறம் என்றே அறியாதவர்." அத்தான் அப்போது என்னோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். முதல் நாளே ஒரு பங்களாதேஷ் பொடியனின் பல்லை உடைத்திருந்தார். கடிதத்துக்குக் கொஞ்சம் அழகு சேர்த்தேன். அவ்வளவுதான். அந்த அழகைப் பார்த்துத்தான் அக்கா விமானம் ஏறினாள்.

போகட்டும். நீ கேட்டதற்கு என் தகடுகள் மேல் சத்தியம் செய்கிறேன். செவ்ரானில் இனி அக்கா பக்கம் ஒரு விரல் நீண்டால், அந்த விரலை, அதன் சொந்தக்காரரை, அவர் வந்த ரயிலை, ரயில் வந்த தண்டவாளத்தை, ஆயிரமாயிரம் துண்டாகக் கொத்துவேன்.

உன் உதட்டுத் தையலுக்கு ஆசீர்வாதம் அனுப்பும்,
மாமா


கிளெர்மோன்
ஏப்ரல் 17

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

எடுத்துவிட்டார்கள். மூன்றாம் சுற்று. எனக்குப் பின்னால் இரண்டு பேர்தான் மிச்சம். சின்சினாட்டியில் இருக்கும் புது அணி. காலையில் எழும்பித் தொலைபேசியில் பார்த்தேன், என் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். அழுதேன்.

பயிற்சியாளர் அழைத்து ஒன்று சொன்னார்: மூன்றாம் சுற்றுப் பெண்கள் பெரும்பாலும் முகாமிலிருந்து வீட்டுக்குத்தான் போவார்கள். நான் போகமாட்டேன். புதன்கிழமை விமானம்.

அம்மாவுக்கு மட்டும் மெல்லச் சொல்லுங்கோ. ஒருவருக்கும் விளம்பரம் வேண்டாம்.

அன்புடன்,
ஆலீஸ்


லா சப்பல்
ஏப்ரல் 22

கொலம்பசுக்குப் பிறகு அமெரிக்காவைக் கண்டுபிடிக்கும் இரண்டாவது ஆளுக்கு,

நலம், நலம், பதினாயிரம் தரம் நலம்! விமானத்தில் உன் காலை எந்த வரிசையில் வைக்கப்போகிறார்கள்?

விளம்பரம் வேண்டாம் என்ற உன் கடிதம் வந்தபோது, இணையத்தில் உன் பெயரைப் பார்த்த கையோடு நான் கொடுத்த முழுப்பக்க வாழ்த்து தமிழ்ப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. "உலகத் தரவரிசையில் முதலிடம்." (மூன்றாம் சுற்று என்பதை வாசகர் தாங்கமாட்டார்கள்.) நேற்று ஆர்ஜொந்தெயில் மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். மூன்று இலட்சம் பேர். சரி, நூற்றிருபது. பதாகையில் உன் படம், அதை விடக் கொஞ்சம் பெரிதாக என் படம்.

அக்கா மாம்பழச் சேலை கட்டி வந்திருந்தாள். கண் நீலம் போய்விட்டது. ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். ஆலீஸ், ஒலிவாங்கியை எனக்குத் தந்தவனைத்தான் முதலில் கொத்தவேண்டும். பேசினேன். உன்னை வானுக்கு உயர்த்தினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த மயக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது: "தன்ர தாயையும் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறா என்ர மருமகள்!"

இன்னும் பெரிய கைதட்டல். அத்தான் மட்டும் தட்டவில்லை. கையை வேறு வேலைக்கு வைத்திருந்தார் போலும். கேக் வெட்டமுன் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கார்த் தரிப்பிடத்தில் மறித்தேன். மகத்தான யுத்தம்! இருபது நிமிடம் பூமி அதிர்ந்தது. உண்மையில் ஒரே ஒரு குத்து. என் முன்பல் ஒன்று ஆர்ஜொந்தெய் மண்ணில் விதைக்கப்பட்டிருக்கிறது. முளைத்தால் எழுதுகிறேன்.

நீ பந்தைப் பார்.

பல் போனாலும் சொல் போகாத,
மாமா


சின்சினாட்டி
ஏப்ரல் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். பல்லை வைத்தியரிடம் காட்டினீர்களா? காட்டுங்கோ.

இங்கே ஒரு நாளைக்கு இரண்டு பயிற்சி. இது விளையாட்டு மாதிரி இல்லை. எல்லோருக்கும் ஒரே பன்னிரண்டு கதிரைதான். கூடைக்குக் கீழே போனால் முழங்கை வயிற்றில் வரும், நகம் கண்ணுக்கு வரும். பயிற்சியாளர் விசில் ஊதமாட்டார். மூன்றாம் நாள் மார்செல் என்கிற உயரமான பெண் என் மூக்கை உடைத்தாள். அவள் போன வருடம் இரண்டாம் சுற்று. எலும்பை நேராக்கிப் பஞ்சு அடைத்தார்கள். பின்னேரப் பயிற்சிக்குப் போனேன். பதினாறு பந்து பிடித்தேன். நேற்று மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் இருக்கிறேன். பட்டியலில் ஆறாவது இடம் என்று உதவிப் பயிற்சியாளர் சொன்னார்.

அம்மா ஒன்பது நாளாகத் தொலைபேசி எடுக்கவில்லை. மண்டபத்தில் நீங்கள் சொன்னது நடந்த நாளிலிருந்து. அப்பா எடுக்கிறார், நான் என்று தெரிந்ததும் வைக்கிறார். உங்கள் தொலைபேசியிலும் பதில் இல்லை.

மாமா, இந்த முறை ஒன்றும் கூட்டாமல் எழுதுங்கோ. அம்மா எப்படி இருக்கிறார்?

ஆலீஸ்


லா சப்பல்
மே 2

ஆலீஸ்,

நீ சுகமாக இருக்கவேண்டும். சின்சினாட்டியிலிருந்து உன் கடிதம் இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது. ஒரு காது கேட்கவில்லை. ஏழு நாள் மருத்துவமனையில் இருந்தாள். எனக்கு முந்தாநாள்தான் தெரியும். போய்ப் பார்த்தேன். படியில் விழுந்ததாக எழுதியிருக்கிறார்கள். நேற்று அத்தானே கையெழுத்து வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

நான் ஒலிவாங்கியில் சொன்னதால் நடந்தது. அதற்கு முன்னர் நான் எழுதிய கலியாணக் கடிதத்தால் நடந்தது.

நாளை சனிக்கிழமை. அவருக்கு வேலை இல்லை, வீட்டில் இருப்பார். காலை ரயிலில் செவ்ரானுக்குப் போகிறேன். ஒரு தகட்டைத் தீட்டி வைத்திருக்கிறேன். இரண்டு தேவையில்லை. அவருடைய வலது கையை எடுக்கப்போகிறேன். பிறகு பொலிஸ் வரும்வரை படியில் இருப்பேன்.

உனக்குச் சத்தியம் செய்தேன். பிந்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஞானரட்ணம்


சின்சினாட்டி
மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று தவரத்தினம் அங்கிளின் கடை முகவரிக்குப் போடுகிறேன். விலா எப்படி? மூச்சு எடுக்க நோகிறதா? எந்தக் காது?

மாமா இரண்டாம் தேதி எழுதிய கடிதம் முந்தாநாள் காலை வந்தது. அதில் ஒரு பகிடியும் இல்லை. நாளை போகிறேன் என்று எழுதியிருக்கிறார். அந்த நாளை முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஒருவரும் தொலைபேசி எடுக்கிறீர்கள் இல்லை. மாமா போனாரா?

கடிதத்தைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். மூக்கை உடைத்த மார்செல் திரும்ப என் பக்கம் வந்தாள். இந்த முறை அவள் ஒன்றும் செய்யவில்லை, அம்மா. பந்துக்குத்தான் வந்தாள். என் வலது முழங்கை அவளுடைய கன்னத்தில் போனது. தவறுதலாக இல்லை. நான் பார்த்துத்தான் அடித்தேன். எலும்பு போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரியும், எங்கள் குசினியில், அடுப்புப் பக்கம் கேட்டது. அவள் நிலத்தில் கிடந்தபோது என் கை இன்னும் மூடித்தான் இருந்தது.

பின்னேரம் கூப்பிட்டு என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிப் பன்னிரண்டு இல்லை, ஒன்றும் இல்லை. உங்களைக் கூப்பிட எனக்கு இடம் இல்லை. மன்னியுங்கோ.

நான் வரட்டா?

உங்கள் மகள்,
ஆலீஸ்


லா சப்பல்
மே 21

அன்பு மகள் ஆலீஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா உனக்குத் துணை. எனக்கு இருமினால் மட்டும் நோகிறது. இடது காது. வலது காது நல்லாய்க் கேட்கும், நீ யோசிக்காதே. இப்போது தம்பியின் அறையில், கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறேன்.

தம்பி வந்தான். உன் அப்பா பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். உனக்கு மாமாவைத் தெரியும், கதவு திறக்கமுன்னே பேச்சுத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஒரு சொல்லும் இல்லை. நேரே மேசைக்குப் போனான். உன் அப்பா, "என்னடா, மற்றப் பல்லும் வேண்டாமோ?" என்று கேட்டபடி வலது கையை மேசையில் ஊன்றி எழும்பினார். தம்பி மணிக்கட்டில் மூன்று தரம் போட்டான். கடையில் போடுகிற அதே கை. மேசை, பாண், சுவர், என் முகம் எல்லாம் இரத்தம். நான் கத்தினேன் போலிருக்கிறது, எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. பிறகு தம்பி வெளியே போய்ப் படியில் இருந்தான். உன் அப்பாவின் கையைத் தைத்திருக்கிறார்கள். இனி விரல் மடங்காதாம்.

தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். பொலிஸில் மொழிபெயர்ப்பாளர் வந்ததும் இவனுக்கு வாய் திரும்பவும் வந்திருக்கிறது. "இருபது வருஷமா உவரை ஆயிரம் துண்டாக் கொத்தக் காத்திருந்தனான், பத்து வருஷமாத் தகடு தீட்டினனான்" என்று விளாசியிருக்கிறான். அவர்கள் ஒரு எழுத்து விடாமல் பிரெஞ்சில் எழுதிவிட்டார்கள். இப்போது நெடுநாள் திட்டம் போட்டுச் செய்ததாக வழக்கு. தம்பிக்காகப் பேசுகிற பியட்றிஸ் என்ற வக்கீல் அம்மா தன் தலையில் கை வைக்கிறா.

என்னையும் கேட்டார்கள். நான் படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன், பிள்ளை. வாய்ப் பழக்கம். அவர்கள் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

உன் அப்பாவின் கை போனது எனக்கு இரண்டு நாள் கவலையாக இருந்தது. மூன்றாம் நாள் நித்திரை கொண்டேன்.

இடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். வா. இந்த அறையில் உன் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டும். பரவாயில்லை.

அன்புள்ள அம்மா,
புஸ்பராணி


பரிசுக்கு வெளியே, ஓர் அரச மாளிகை
ஜூன் 11

தரையில் நின்றபடியே நிலவைத் துடைக்கும் மருமகளுக்கு,

மாமா மகா நலம். வாசலில் காவலர், குறித்த நேரத்தில் உணவு, என் அனுமதியின்றி ஒருவரும் உள்ளே வரமுடியாது. நானும் வெளியே போகமுடியாது, அது சின்னக் குறை. உனக்கு முன்னர் இக்கடிதத்தை வாசிக்கும் நீதிபதியின் மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கும் வணக்கம். சாப்பிட்டீர்களோ, ஐயா? இங்கிருந்து போவதும் இங்கே வருவதும் எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும் என்பதை, ஆலீஸ், நீயும் மனதில் வை.

பியட்றிஸ் அம்மையார் ஒரு யுத்த தந்திரம் சொல்கிறார். இந்த மனிதன் புறாவைப் பற்றிக்கூட இப்படித்தான் பேசுவான், இவன் வாக்குமூலத்தை எழுத்துக்கு எழுத்து நம்பாதீர்கள் என்று காட்டவேண்டுமாம். அதற்கு உன்னிடம் உள்ள என் கடிதங்கள் வேண்டும். திட்டமிட்டது என்றால் நெடுங்காலம். கோபத்தில் செய்தது என்றால் குறுங்காலம்.

எல்லாவற்றையும் கொடு. மே இரண்டாம் தேதிக் கடிதத்தையும் கொடு. அம்மையார் அதைப் பற்றி அறியமாட்டார். ஆனாலும் கொடு. பொய்க் கடிதம் எழுதி அக்காவைக் கடல் கடத்தியவன், உண்மையாக எழுதிய ஒன்றையாவது ஒளிக்காமல் இருக்கவேண்டும். எத்தனை வருடம் என்று மற்றவர்கள் எண்ணட்டும்.

நீ எந்தச் சுற்று என்று இங்கே கேட்கிறார்கள். உலகத்தில் முதலிடம் என்று சொல்லியிருக்கிறேன். வந்து மறுக்காதே.

இரும்பு இல்லாத கையோடு,
மாமா


லா சப்பல்
ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அம்மாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கும் வணக்கம்.

உங்கள் அறையில்தான் இருக்கிறோம். என் கால் கட்டிலுக்கு வெளியே யன்னல்வரை போகிறது. கிளெர்மோன் அணி என்னைத் திரும்ப எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருத்தியை ஒருமுறைதான் டிராஃப்ட் எடுப்பார்கள். பெயரை நீக்கியபடியால் இனி எந்த அணியும் என்னோடு பேசலாம். ஒருவரும் பேசவில்லை. மார்செலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவள் பதில் போடவில்லை, அதுவும் சரிதான்.

நேற்று அம்மா பொலிஸுக்குப் போனார். படியில் விழவில்லை என்று சொன்னார். இருபத்திரண்டு வருடத்தையும் சொன்னார். நாலு மணித்தியாலம் எடுத்தது. நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என்னை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதங்களை பியட்றிஸ் மேடத்திடம் கொடுத்தேன். நூற்றுப் பதினேழு. நான் பிரெஞ்சில் வாசித்துச் சொன்னேன். என் கணக்கு வாத்தியாரை, வடக்கு ரயில் நிலையப் புறாக்களை, கிளெர்மோன் பனியை, என் வலது முழங்காலை, எல்லாவற்றையும் நீங்கள் ஆயிரம் துண்டாகக் கொத்தியிருக்கிறீர்கள். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதைப் போடாமலே கொஞ்ச நேரம் இருந்தார்.

மே இரண்டாம் தேதி ஒரு கடிதம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கடிதம் எனக்கு வரவில்லை, மாமா. விசாரித்தேன். அதை ஏற்றி வந்த விமானத்தை அட்லாண்டிக் நடுவில் ஒரு திமிங்கிலம் பாய்ந்து பிடித்து விழுங்கிவிட்டதாம். வாலின் நீளம் ரூ காயிலிருந்து செவ்ரான்வரை இருந்ததாம். விமானிகள் தப்பிவிட்டார்கள். தபால் பை மட்டும் வயிற்றோடு போய்விட்டது. மே மாதம் நான் அம்மாவுக்குப் போட்ட கடிதமும் அதே திமிங்கிலத்திடம்தான் அகப்பட்டதாம். இதை அம்மாவே சொல்கிறார்.

நீதிமன்றத்தில் கை உயர்த்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு, ஒருநாளும் ஒன்றையும் கூட்டிச் சொல்லாத உங்கள் மருமகள்,
ஆலீஸ்